பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி: வீதிகளும் ஊர்களும் பழைய கதைகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோடை வந்தால் கனடாவின் ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோ, மார்க்கம் ஆகிய இடங்களில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சனம் கார்களை நிரப்பிக்கொண்டு, பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி என்ற மாவட்டம் போன்ற பகுதியில் இருக்கும் சாண்ட்பேங்க்ஸ் மணற்கரைக்குப் போகும். குளிப்பது, கொண்டுபோன சோற்றைச் சாப்பிடுவது, இருட்ட முன்னர் திரும்பிவிடுவது. நானும் பல வருடங்கள் அப்படித்தான் போய் வந்தேன். அப்புறம் ஒரு தடவை வழி தவறி உள்ளூர் வீதி ஒன்றில் இறங்கியபோதுதான், அந்தக் கரைக்குப் போகும் வழியே ஒரு பெரிய கதை என்று தெரிந்தது. அன்றிலிருந்து அங்கே போவது வீதிகளுக்காகவும் ஊர்களுக்காகவும்தான். நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கவுன்டி சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிது?

ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீற்றர். ஒன்ராறியோ ஏரிக்குள் கையை நீட்டினாற்போல நிற்கும் நிலம். வடக்கே குயின்ரி குடா, மற்றப் பக்கங்களில் ஏரி. பரப்பளவு சுமார் 1,050 சதுர கிலோமீற்றர். எங்கள் யாழ்ப்பாண மாவட்டமும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் 2021 குடிசன மதிப்பின்படி இங்கே இருப்பவர்கள் 25,704 பேர் மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால், மைல் கணக்காக ஒரு வீடும் தெரியாத வீதிகள் ஏன் என்று புரியும். உள்ளூர்க்காரர் முழுப்பெயர் சொல்வதில்லை. "த கவுன்டி" என்றால் போதும், ஒன்ராறியோவில் எல்லாருக்கும் விளங்கும்.

இது தீவா, குடாநாடா?

1889 வரை குடாநாடு, அதற்குப் பிறகு தீவு. வடமேற்கு மூலையில் ஒரு ஒடுங்கிய பூசந்திதான் இதைப் பெருநிலத்தோடு பிடித்து வைத்திருந்தது. கப்பல்கள் கவுன்டியைச் சுற்றிப் போகாமல் குயின்ரி குடாவுக்குள் நேரே நுழையவேண்டும் என்று 1882இல் மறே கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் நீளம், படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு எதுவும் இல்லை. 1889இல் கால்வாய் திறந்ததும் தெற்கே இருந்த நிலம் முழுவதும் தண்ணீரால் சூழப்பட்டுவிட்டது. 33ஆம் இலக்க நெடுஞ்சாலையில் போகும்போது அந்தக் கால்வாய்க்கு மேலே ஒரு சுழல் பாலம் வரும். படகு வந்தால் பாலம் பக்கவாட்டில் திரும்பி வழிவிடும், கார்கள் காத்து நிற்கவேண்டும்.

அந்தப் பூசந்தியில் இருக்கிற ஊருக்கு ஏன் "கரியிங் பிளேஸ்" என்று பெயர்?

நேரடியான பெயர்தான். எங்கள் பேச்சில் சொன்னால் "காவுற இடம்".

தோணியில் வந்தவர்கள், கவுன்டியின் தென்கரையைச் சுற்றினால் திறந்த ஏரியின் அலையில் அகப்பட்டுவிடுவார்கள். அதனால் குயின்ரி குடாவின் தலைப்பில் இறங்கி, தோணியைத் தோளில் தூக்கி, சுமார் மூன்று கிலோமீற்றர் நடந்து, மறுபக்கம் வெலர்ஸ் குடாவில் இறக்கி மீண்டும் ஏரிக்குள் போனார்கள். ஐரோப்பியர் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே முதற்குடிகள் போட்ட நடைபாதை இது. பிறகு வந்த வணிகர்களும் சிப்பாய்களும் இதே தடத்தில்தான் போனார்கள். 1800களின் தொடக்கத்தில் ஏசா வெலர் என்ற குடியேறி, பெரிய சரக்குப் படகுகளை அப்படியே வண்டியில் ஏற்றி இந்தப் பூசந்தியைக் கடக்கவைக்கும் தொழில் செய்தார். வெலர்ஸ் குடா என்ற பெயர் அவரால் வந்தது.

கவுன்டியின் முதல் வீதி எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு தண்ணீர்களுக்கு நடுவே மனிதர் தோணி காவிய தடம். இதற்குப் பிறகு வந்த எல்லா வீதிகளும் ஏதோ ஒரு விதத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பிறந்தவைதான்.

வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு முன்னர் அங்கே யார் இருந்தார்கள்?

அனிஷினாபே மக்களும் ஹொடெனொஷோனி மக்களும் வெவ்வேறு காலங்களில் இருந்தார்கள். 1660களில் ஹொடெனொஷோனிகளில் ஒரு பிரிவினரான கயூகா மக்கள் ஏரியின் தென்கரையிலிருந்து கடந்து வந்து "கென்ரே" என்ற கிராமத்தை அமைத்தார்கள். 1668இல் துருவே, ஃபெனெலோன் என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் அங்கே வந்து மிஷன் தொடங்கினார்கள். 1680இல் அதைக் கைவிட்டார்கள். கென்ரே என்ற பெயர்தான் வாயில் தேய்ந்து "குயின்ரி" ஆனது. பிறகு இந்தக் கரைகள் அனிஷினாபேகளில் ஒரு பிரிவினரான மிசிசாகா மக்களின் நிலமாக இருந்தன.

கிழக்கு ஓரத்தில் "வாப்பூஸ்" என்றொரு ஊர் உண்டு. அனிஷினாபே மொழியில் முயல் என்று பொருள். கவுன்டியின் பெயர்ப்பலகைகளில் அரச குடும்பத்துப் பெயர்களும் ஆங்கிலத் தளபதிகளின் பெயர்களும் நிறைந்திருக்க, நடுவே இப்படி ஒரு முயல் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் நிறையும்.

நிலத்தை எப்படி எடுத்தார்கள்? உடன்படிக்கை எதுவும் இல்லையா?

இருந்தது. இருந்த விதம்தான் வேதனை.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானிய மன்னரின் பக்கம் நின்று தோற்றவர்களை "லோயலிஸ்டுகள்" என்பார்கள், அதாவது அரச விசுவாசிகள். வீடு நிலம் இழந்து அகதிகளாக வடக்கே வந்த அவர்களுக்கு நிலம் தேவைப்பட்டது. 1783இல் கப்டன் வில்லியம் குரோஃபோர்ட் மிசிசாகா தலைவர்களோடு பேசி, துணிமணி, துப்பாக்கி, வெடிமருந்து போன்றவற்றுக்கு இந்தக் கரைகளை வாங்கினார். அந்த ஒப்பந்தத்தின் மூலப்பத்திரம் இன்று இல்லை.

அடுத்தது 1787. சேர் ஜோன் ஜோன்சன் மிசிசாகா மக்களைச் சந்தித்தது இதே கரியிங் பிளேஸில்தான். ஏரிக்கரையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கும் தூரம் வரையான நிலம் என்று பேச்சு. அதனால் "கன்ஷொட் உடன்படிக்கை" என்று பெயர் வந்தது. சில வருடங்கள் கழித்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், நிலத்தின் எல்லை எழுதவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. தலைவர்களின் குலக்குறிகள் தனித்துண்டுத் தாள்களில் வரைந்து ஒட்டப்பட்டிருந்தன. அந்த வெற்றுத் தாளின் மேல் நகரங்கள் எழும்பிவிட்டன. 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்று மறுபடியும் எழுதினார்கள். அதிலும் அநீதி நடந்தது என்ற வழக்கு 2018இல்தான் முடிந்தது. ஏழு முதற்குடிச் சமூகங்களுக்கு 110 கோடி டொலர் இழப்பீடும் மன்னிப்பும் கிடைத்தன.

இது ஏதோ தூரத்து ஊர்க் கதை இல்லை. ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கி இருக்கிற நிலமும் இந்தப் பேச்சுவார்த்தைகளுக்குள் வந்ததுதான். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சோஃபியாஸ்பேர்க், அமீலியாஸ்பேர்க், மேரிஸ்பேர்க் எல்லாம் யாருடைய பெயர்கள்?

மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெண்பிள்ளைகள். முதலில் பெயரே இல்லை, இலக்கம்தான். கிங்ஸ்ரனை முதலாவதாக வைத்து மேற்குநோக்கி அளந்துகொண்டு வந்தார்கள். ஐந்தாவது ஊர் மேரிஸ்பேர்க், ஆறாவது சோஃபியாஸ்பேர்க், ஏழாவது அமீலியாஸ்பேர்க். கிங்ஸ்ரனுக்கும் மேரிஸ்பேர்க்குக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு ஆண்பிள்ளைகளின் பெயர் கிடைத்தது. 1784இல் முதல் லோயலிஸ்டுகள் வந்து இறங்கினார்கள். மேரிஸ்பேர்க்கில் பிரித்தானியருக்காகக் கூலிக்குப் போரிட்ட ஜேர்மன் சிப்பாய்களும் குடியேறினார்கள்.

1792இல் மூன்று ஊர்களையும் சேர்த்துக் கவுன்டி ஆக்கியபோது, அதே மன்னரின் மகன் எட்வர்டின் பெயரை வைத்தார்கள். விக்ரோறியா மகாராணியின் தகப்பன் இவர். பிற்பாடு மூன்றையும் வெட்டி ஹலோவெல், ஹில்லியர், அதோல் எல்லாம் பிறந்தன.

வந்த எல்லாரும் சுதந்திர மனிதர்களாக வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். லோயலிஸ்டுகளில் சிலர் அடிமைகளாக வைத்திருந்த கறுப்பின மக்களையும் கூட்டிவந்தார்கள். 1793இல் மேல் கனடாவில், அதாவது இன்றைய ஒன்ராறியோவில், வந்த சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத்தான் தடுத்தது. ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்களை அது விடுவிக்கவில்லை.

ஏன் அங்கே வீதிகள் இப்படிக் கோணல்மாணலாக இருக்கின்றன? ஜிபிஎஸ்கூடக் குழம்புகிறதே!

ஸ்காபரோவில் வீதிகள் சதுரங்கப் பலகைபோல இருப்பதால் எங்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். ஒன்ராறியோவின் பழைய நிலஅளவையில், கரையை ஒட்டிக் கோடு போட்டு, அதிலிருந்து உள்நோக்கி நீளமான துண்டுகளாகக் காணிகளை வெட்டுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீரில் ஒரு வாசல் வேண்டும், ஏனென்றால் அன்றைக்குப் போக்குவரத்து என்றால் படகு, பனிக்காலத்தில் உறைந்த குடாவின் மேல் சறுக்குவண்டி. காணி வரிசைகளுக்கு நடுவே விட்ட இடைவெளிதான் பிறகு வீதி ஆனது.

நேரான கரைக்கு இது பொருந்தும். கவுன்டியின் கரையோ வளைந்து நெளிந்து ஏறக்குறைய 800 கிலோமீற்றர் ஓடுகிறது. வடக்குக் கரையிலிருந்து அளந்து வந்த கோடும் தெற்குக் கரையிலிருந்து அளந்து வந்த கோடும் நடுவே சந்திக்கும்போது ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாத இடங்களில்தான் உங்கள் கார் திடீரென்று வளைகிறது. ஒரு வளைவு வந்தால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். இரண்டு கரைகளின் கணக்குகள் மோதிக்கொண்ட இடம் அது.

டன்ஃபோர்த் வீதி என்ற பலகையை வெலிங்ரனுக்குப் பக்கத்தில் பார்த்தோம். ஸ்காபரோவில் இருக்கிற அதே டன்ஃபோர்த்தா?

அதேதான்! இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

ஏசா டன்ஃபோர்த் அமெரிக்காவிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர். யோர்க், அதாவது இன்றைய ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ட்ரென்ட் ஆற்றின் வாய் வரை வீதி போட 1799இல் அவரோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. கூலி ஒரு மைலுக்கு 90 டொலர். காட்டை 33 அடி அகலத்துக்கு வெட்டவேண்டும், அதில் நடுப்பகுதி பதினாறரை அடியைச் சமன் செய்யவேண்டும். மரத்தை வெட்டிச் சாய்த்து, அடிக்கட்டைகளைத் தாழ அறுத்து, ஓடைகளுக்குக் குறுக்கே மரம் அடுக்கிப் பாலம் போட்டு, ஒரு வருடத்துக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டார். அந்த வழி கவுன்டிக்குள்ளும் தொடர்ந்தது. கரியிங் பிளேஸில் நுழைந்து, வெலிங்ரன், புளூம்ஃபீல்ட், பிக்ரன் பக்கமாகப் போய், கிளெனோராவில் குடாவைக் கடந்து கிங்ஸ்ரன் நோக்கிப் போனது.

பணம் தருவதில் அரசாங்கத்தோடு தகராறு வந்தது. டன்ஃபோர்த் மனம் கசந்து அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார். வீதியோரத்தில் ஆட்கள் போதிய அளவு குடியேறாததால் பராமரிக்க ஆளில்லை. விழுந்த மரம் விழுந்தபடி கிடந்தது. ஆனாலும் துண்டு துண்டாகத் தப்பிவிட்டது. ஸ்காபரோவின் டன்ஃபோர்த் றோட்டும், பல்கலைக்கழக வளாகத்துக்கு ஊடாகப் போகும் மிலிட்டரி ட்ரெயிலும் அதன் மிச்சங்கள். டன்ஃபோர்த் அவெனியூ அவர் போட்டதில்லை, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. கவுன்டியில் ஹில்லியருக்கும் வெலிங்ரனுக்கும் இடையே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இன்னொரு துண்டு அமைதியாகக் கிடக்கிறது.

ஸ்காபரோவில் அந்த வீதியால் தினமும் வேலைக்குப் போகிற எத்தனை பேருக்கு, அதே வீதியின் இன்னொரு முனையில்தான் கோடையில் போய்க் குளிக்கிறோம் என்று தெரியும்?

அவ்வளவு முக்கியமான வீதி என்றால், இன்று ஏன் அங்கே பெரிய நகரம் எதுவும் இல்லை?

பெருவழி மூன்று தடவை கவுன்டியை விட்டு விலகிப்போனது. முதல் தடவை, புதிய கிங்ஸ்ரன் வீதி குடாவுக்கு வடக்கே, பெல்வில் பக்கமாகப் போட்டபோது. இரண்டாவது, 1856இல் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே கிராண்ட் ட்ரங்க் ரயில் ஓடத் தொடங்கியபோது. அதுவும் வடக்கேதான். மூன்றாவது, 1960களில் 401 நெடுஞ்சாலை.

பெருவழி போகாத ஊரில் பழசை இடிக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. பிக்ரனுக்குப் பக்கத்தில் 1809இல் மெதடிஸ்டுகள் கட்டத் தொடங்கிய வெள்ளை மரத் தேவாலயம் இன்னும் நிற்கிறது. வெலிங்ரனில் டானியல் ரெனோல்ட்ஸ் என்ற முதல் குடியேறியின் கல்வீடு இன்னும் நிற்கிறது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வந்து குடியிருந்த புளூம்ஃபீல்டின் பிரதான வீதியில் நடந்தால் வீட்டுக்கு வீடு நின்று பார்க்கலாம்.

அந்தச் சிவப்புச் செங்கல் வீடுகள் எல்லாம் யார் கட்டியது? விவசாயிகளுக்கு அவ்வளவு காசா?

பார்லி கொடுத்த காசு. 1860களிலிருந்து 1890 வரையான முப்பது வருடங்களை இன்றும் "பார்லி நாட்கள்" என்கிறார்கள். ஏரியின் அக்கரையில் நியூயோர்க் மாநிலத்து ஒஸ்வீகோ. அமெரிக்க மதுவடிசாலைகளுக்குப் பார்லி எவ்வளவு இருந்தாலும் போதவில்லை, கவுன்டியின் சுண்ணாம்பு மண்ணில் அது நன்றாக விளைந்தது. ஒவ்வொரு துறையிலிருந்தும் பாய்க்கப்பல்கள் மூட்டைகளை ஏற்றிப் போயின. விவசாயிகள் மரவீட்டை விட்டுச் செங்கல் வீட்டுக்குப் போனார்கள். முகப்பில் மரச் செதுக்கல், உயர்ந்த சாளரங்கள்.

1890இல் அமெரிக்காவின் மக்கின்லி வரி வந்தது. ஒரு புசல் பார்லிக்குப் பத்துச் சதமாக இருந்த தீர்வை முப்பது சதமானது. அதோடு அந்தக் காலம் முடிந்தது. பாய்க்கப்பல்களின் துறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. தென்கிழக்கு மூலையில் போர்ட் மில்ஃபோர்ட் என்ற துறையில் இன்று ஒரு பழைய கட்டடத்தையும் தண்ணீரையும் தவிர அதிகம் இல்லை.

பிறகு தக்காளி, பட்டாணி, சோளத்தைத் தகரத்தில் அடைக்கும் தொழில் பிடித்துக்கொண்டது. முதல் ஆலை பிக்ரனில் 1882இல் வந்திருந்தது. அடுத்த பல பத்தாண்டுகள் அதுதான் கவுன்டியின் சோறு. 1901இல் மில்ஃபோர்ட் பக்கத்தில் பிளாக் ரிவர் சீஸ் என்ற பாலாடைக்கட்டி ஆலையும் தொடங்கியது.

ரயில் ஓடியதா?

ஓடியது. 1879இல் பிக்ரனுக்கும் ட்ரென்ரனுக்கும் இடையே. 1995இல் பாதையைக் கைவிட்டார்கள், கவுன்டி அதை வாங்கி நடைபாதை ஆக்கியது. மிலேனியம் ட்ரெயில் என்று பெயர், சுமார் 46 கிலோமீற்றர். சைக்கிள் ஓடுபவர்கள் இருந்தால் வெலிங்ரனிலிருந்து தொடங்குங்கள், ஏற்ற இறக்கம் குறைவு.

கிளெனோராவில் கார் ஏற்றும் மிதவைப் பாதை இருக்கிறதாமே? காசு எவ்வளவு?

காசே இல்லை. 33ஆம் இலக்க நெடுஞ்சாலை கிளெனோராவில் தண்ணீருக்குள் இறங்கி அக்கரையில் அடோல்ஃபஸ்ரவுனில் எழும்புகிறது. நடுவில் இருக்கிற சுமார் ஒரு கிலோமீற்றர் தண்ணீரை மாகாணப் போக்குவரத்து அமைச்சின் பாதை கடத்திவிடும். பதினைந்து நிமிடம். பனிக்காலத்திலும் ஓடும்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் இப்படி வாகனம் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கே "பாதை" என்றுதான் பெயர். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடுவதும் பாதைதான். கிளெனோராவில் முதன்முதல் வரிசையில் நின்றபோது அம்மா காருக்குள் இருந்து, "இது எங்கட காரைநகர்ப் பாதை மாதிரியல்லோ" என்றார். நெடுஞ்சாலையின் ஒரு துண்டே மிதந்து போகிற இந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் வேறு எந்த மொழியில் இருக்கிறதோ தெரியவில்லை.

கார்கள் ஏறியதும் இஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். இறங்கி ஓரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இரும்புத் தளம் காலுக்குக் கீழே மெல்ல அதிரும். பின்னால் செங்குத்தான பச்சை மலை, அதன் அடியில் நீர்விளிம்போடு பழைய கல் ஆலைகள். அந்த ஆலைகளில் ஒன்றை நடத்தியவர் ஹியூ மக்டொனால்ட். கனடாவின் முதற் பிரதமரான ஜோன் ஏ. மக்டொனால்டின் தகப்பன். அவசரமாகப் போகவேண்டியவர்கள் இந்த வழிக்கு வரவேண்டாம். கோடைச் சனி ஞாயிறுகளில் ஒரு மணித்தியாலம்கூட நிற்க நேரிடும்.

மலைக்கு மேலே ஏரி இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கிளெனோரா துறையிலிருந்து மேலே ஏறினால் "லேக் ஒன் த மவுன்டன்". குடாவின் நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீற்றர் உயரத்தில் நிற்கும் ஏரி. வந்து சேரும் ஆறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, நிலத்தடி ஊற்றுகளே நிரப்புகின்றன. மோஹாக் மக்கள் இதை ஒனொகெனோகா, கடவுளரின் ஏரி என்றார்கள். சுண்ணாம்புப் பாறை கரைந்து இடிந்து விழுந்த பள்ளம் என்பது நிலவியல் தரும் விளக்கம். வீதியின் ஒரு பக்கத்தில் இந்த ஏரி நிற்க, மறுபக்கம் திரும்பினால் கீழே ஆழத்தில் குடாவும் அதைக் கடக்கும் பாதையும் பொம்மைபோலத் தெரியும்.

சாண்ட்பேங்க்ஸ் மணலுக்குள் ஒரு வீதியே புதைந்து கிடக்கிறதாம்?

ஆம். நன்னீர் ஏரிகளில் குடாவின் வாயை அடைத்து நிற்கும் மணற்குன்றுத் தொடர்களில் உலகத்திலேயே மிகப் பெரியது இது என்று சொல்வார்கள். குடியேறிகள் குன்றுகளில் நின்ற மரங்களை வெட்டினார்கள், மாடுகளை மேயவிட்டார்கள். பிடித்து வைத்திருந்த வேர் போனதும் மணல் நடக்கத் தொடங்கியது. வீதியை மூடியது, வீதியைத் தள்ளிப் போட்டால் அதையும் மூடியது. ஒரு செங்கல் தொழிற்சாலையையும் விழுங்கியது. 1921இலிருந்து மரங்களை நட்டு நட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். 1970இல் மாகாணப் பூங்கா ஆனது.

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுப் பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இது கண்முன் வரும். அங்கேயும் மணல் கோயிலை மூடியது, அங்கேயும் சவுக்கு மரம் நட்டுத்தான் மணலை மறித்தார்கள். ஆகையால் ஒரு வேண்டுகோள். கயிறு கட்டி மறித்து, குன்றுகளில் ஏறவேண்டாம் என்று எழுதியிருக்கும் இடங்களில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். அந்தப் புல்லின் வேர்தான் ஊரைப் பிடித்து வைத்திருக்கிறது. இன்னொன்று, கோடையில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிக்ரன் என்ற பெயரைப் பற்றி ஏதோ சர்ச்சை என்று கேள்விப்பட்டோம்.

வில்லியம் மக்கோலே என்ற அங்கிலிக்கன் குருவானவர் தன் நிலத்தில் உருவான ஊருக்கு, 1815இல் வாட்டர்லூப் போரில் இறந்த தளபதி சேர் தோமஸ் பிக்ரனின் பெயரை வைத்தார். பக்கத்தில் ஹலோவெல் என்ற ஊர். 1837இல் இரண்டும் ஒன்றாகி, பிக்ரன் என்ற பெயர் நின்றுவிட்டது. இந்தத் தளபதி அதற்கு முன்னர் ட்ரினிடாட்டின் ஆளுநராக இருந்தபோது அடிமைகளைக் கொடுமைப்படுத்தியவர். ஒரு சிறுமியைச் சித்திரவதை செய்ய உத்தரவிட்டதற்காக லண்டனில் வழக்கில் நின்றவர். பெயரை மாற்றவேண்டுமா என்பதில் ஊரில் இரண்டு கருத்தும் உண்டு. என்னைக் கேட்டால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதைப் பலகையிலாவது முழுமையாக எழுதவேண்டும்.

இளவயதில் இங்கே சட்டத்தொழில் செய்த ஜோன் ஏ. மக்டொனால்டின் சிலை ஒன்று பிரதான வீதியில் நின்றது. அவருடைய ஆட்சியில் அமைக்கப்பட்ட முதற்குடிப் பிள்ளைகளின் வதிவிடப் பாடசாலைகளில் நடந்த கொடுமைகள் பற்றிய செய்திகள் நாட்டை உலுக்கிய 2021இல் அதை அகற்றிவிட்டார்கள்.

இன்னும் இப்படி வேடிக்கையான பெயர்கள் உண்டா?

டெமொரெஸ்ட்வில் என்ற சிற்றூருக்கு ஒரு காலத்தில் பட்டப்பெயர் "சோதோம்". அங்கே இன்னும் கொமோரா வீதி இருக்கிறது. சோதோமும் கொமோராவும் விவிலியத்தில் பாவத்துக்காக அழிக்கப்பட்ட இரண்டு ஊர்கள். இன்று போனால் ஒரு குளக்கட்டும் சில வீடுகளும் நல்ல காற்றும்தான்.

49ஆம் வீதி ஏன் அவ்வளவு மோசம் என்று பெயர் எடுத்தது?

1998இல் பத்து உள்ளூராட்சிகளை ஒன்றாக்கி ஒரே சபை ஆக்கினார்கள். அதே காலத்தில் மாகாணம் தன் நெடுஞ்சாலைகள் பலவற்றை உள்ளூர்ச் சபைகளின் தலையில் கட்டியது. பிக்ரனிலிருந்து வடக்கே 1967இல் திறந்த உயரப் பாலத்தை நோக்கிப் போகும் 49 அப்படி வந்து சேர்ந்தது. சீமெந்து ஆலைப் பாரஊர்திகள் ஓடும் வீதி. இருபத்தைந்தாயிரம் பேரின் வரியில் ஒரு நெடுஞ்சாலையைத் திருத்துவது நடக்கிற காரியமில்லை. வருடக்கணக்காக ஒன்ராறியோவின் மோசமான வீதிகள் பட்டியலில் அது இடம்பிடித்தது இதனால்தான். சபையைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஒரே நாளில் பார்க்க எந்த வழி நல்லது?

401இல் 522ஆம் வெளிவழியில் இறங்கி, வூலர் றோட்டால் தெற்கே கரியிங் பிளேஸுக்குப் போங்கள். சுழல் பாலம் தாண்டியதும் 33ஐ விடவேண்டாம். கொன்செகொன், வெலிங்ரன், புளூம்ஃபீல்ட், பிக்ரன். வெலிங்ரனுக்கு முன்னர் டன்ஃபோர்த் றோட்டுக்குள் ஒரு பத்து நிமிடம். பிறகு மலைமேல் ஏரி, கிளெனோராப் பாதை, அக்கரையில் நப்பனி வழியாக மறுபடி 401. டன்ஃபோர்த் போட்ட வழியைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியவராவீர்கள். கடைகள் ஐந்து மணிக்கே பூட்டிவிடும், பிள்ளைகள் இருந்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் என்ன செய்வது?

அமீலியாஸ்பேர்க் கிராமத்துக்குப் பழைய பெயர் ரோப்ளின்ஸ் மில்ஸ். ஓவன் ரோப்ளின் என்பவர் 1842இல் கட்டிய கல் ஆலை ஊரின் மையமாக இருந்தது. சுற்றுவட்டார விவசாயிகள் கோதுமையைக் கொண்டுவந்து மாவாக்கிப் போனார்கள். தொழில் நின்று பல காலம் பாழாய்க் கிடந்த ஆலையை 1960களில் பிரித்தெடுத்து ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது ஜேன், ஸ்ரீல்ஸ் சந்திக்குப் பக்கத்தில் பிளாக் கிரீக் கிராமத்தில் நிற்கிறது. உள்ளே தண்ணீர்ச் சக்கரம், மரப்பற்கள், ஆட்டுக்கல்போல் சுற்றும் பெரிய அரைகல். ஆலை ஓடுகிற நாளாகப் பார்த்துப் போனால் மாவு அரைத்துக் காட்டுவார்கள். கையை நீட்டி வாங்கிப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது.